ஒரே டப்பா

எங்கள் மாமியாரைக் குறை சொல்ல எனக்கு ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் ஓரவஞ்சனை பார்ப்பவர் என்று மட்டும் யாரும் வாய் திறக்க முடியாது. இரண்டு மருமகள்களும் அவருக்கு ஒன்றுதான். கீழே கண்ணாடிக் கடை, மேலே வீடு. கடையில் கண்ணாடி அளக்கிற டேப்பை மேலே எடுத்து வந்துதான் எங்கள் இருவருக்கும் தலையணை உறை வெட்டுவார். சோப்பு ஒன்றே ஒன்று மிச்சமிருந்தால் நூலைப் போட்டு நடுவில் அறுப்பார். மாமனார் போன பிறகு மகன்கள் இருவரும் பிரிந்துபோய்விடுவார்களோ என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பயம். அதனால் பெரிய ஹாலை நடுவில் தடுத்து இரண்டு அறையாக்கிக் கொடுத்தார். தடுப்புக்குக் கடையில் விற்காமல் கிடந்த மங்கல் கண்ணாடி. அந்தப் பக்கம் நடப்பவர்களின் நிழல் மட்டும் தெரியும். என் அறையையும் ஓரகத்தியின் அறையையும் நான் ஒருநாள் திருட்டுத்தனமாக அளந்து பார்த்தேன். ஒரு விரற்கடை வித்தியாசம் கிடையாது.

எடையிலும் நாங்கள் அப்படித்தான். அவள் தொண்ணூற்றாறு, நான் தொண்ணூற்று நான்கு. தெருவில் சேர்ந்து போனால் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். "நமக்குக் கிடைக்கிற மரியாதை மந்திரிக்கும் கிடைக்காது" என்பாள் அவள். எனக்குக் கோபம் வருகிற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வரும். என்னைவிட நான்கு வயது மூத்தவள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

இரண்டு பேரும் மூன்று வாரம் முன்னே பின்னே கர்ப்பமானோம். எங்கள் நாத்தனார், அதாவது வீட்டின் கடைசிப் பெண், பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷனோடு ஒத்துவராமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். அந்த வேலை ஒன்றுதான் அவளைத் தலைநிமிர்ந்து நடக்க வைத்துக்கொண்டிருந்தது. அங்கே ஒரு டாக்டர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். அதற்குக் குண்டான கர்ப்பிணிகள் தேவைப்பட்டார்கள். வீட்டிலேயே இரண்டு பேர் இருக்கும்போது அவள் ஏன் வெளியே தேடப் போகிறாள்?

டாக்டர் ஒல்லியான மனிதர். மெதுவாகப் பேசுவார். எங்களை உட்காரவைத்து விளக்கினார்.

"எடை அதிகமா இருக்கறவங்களுக்குப் பிரசவத்துக்கு அப்புறமும் சுகர், கொழுப்பு, பிரஷர்னு எல்லாம் உடம்புல தங்கிடுது. இந்தச் சத்து மாத்திரை சாப்பிட்டா அது குறையுதான்னு பாக்கறோம். இப்பலேர்ந்து குழந்தைக்கு ஒரு வயசு ஆகற வரைக்கும் தினம் ரெண்டு. பாதிப் பேருக்குச் சத்து இருக்கற மாத்திரை. பாதிப் பேருக்கு உள்ள வெறும் மாவுதான். யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

கையெழுத்துப் போட்டோம். ஆளுக்கொரு பாட்டில் கேப்சூல் மாத்திரை கொடுத்தார்கள். பாட்டிலின் மேல் எங்கள் பெயர் இல்லை, எண் மட்டும்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மாமியார் முகம் சிவந்துவிட்டது. "அது என்ன நியாயம்? ஒரே வீட்டுக்கு வாழ வந்தவங்க, ஒருத்தி சத்து திங்கணும், இன்னொருத்தி மாவு திங்கணுமா? நாளைக்கு ஒரு பேரப்புள்ள புஷ்டியாவும் ஒண்ணு நோஞ்சானாவும் பொறந்தா என்னைத்தானே கேப்பீங்க?" என்றவர், நாங்கள் தடுப்பதற்குள் இரண்டு பாட்டில்களையும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் கொட்டி, மூடி போட்டு, நன்றாகக் குலுக்கினார். "இப்ப ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. ஆச்சா?"

மாலையில் வேலை முடிந்து வந்த நாத்தனார் டப்பாவைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, இது வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும்மா. மாசாமாசம் மாத்திரைய எண்ணி எழுதறதே நான்தான்."

"எண்ணிக்கோ. எண்ணிக்கை குறையலையே" என்றார் மாமியார்.

அவளுக்கு அழுகை வந்தது. எங்களுக்குப் பாவமாக இருந்தது. யாரும் வாய் திறப்பதில்லை என்று அன்றே முடிவாயிற்று. ஒவ்வொரு மாதமும் புது பாட்டில் வரும், டப்பாவுக்குள் போகும், குலுக்கப்படும். காலையில் எழுந்ததும் ஆளுக்கு இரண்டாக எடுத்துக் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அக்கா காலையில் சமையலில் நிற்பாள். நான் அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் போட்டுவிடுவேன். அவள் தண்ணீர் குடித்துவிட்டுக் கிண்டுவதைத் தொடர்வாள்.

அவளுக்குப் பெண், எனக்குப் பையன். இருவருக்கும் கர்ப்பத்தில் சுகர் வந்திருந்தது, பிரசவம் ஆனதும் முழுசாகப் போகவில்லை. மாத்திரையைத் தொடர்ந்தோம்.

குழந்தைகளுக்கு மூன்று மாதமாக இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் சுவரெல்லாம் ஈரம். ஒரு நாள் காலை டப்பாவில் கையை விட்டபோது சில மாத்திரைகள் கொழகொழவென்று நசுங்கின. சில கல்லாட்டம் கெட்டியாக இருந்தன. எனக்குச் சும்மா இருக்க முடியுமா? இரண்டிலும் ஒவ்வொன்றைப் பிரித்துப் பார்த்தேன். கெட்டியானதில் வெள்ளை மாவு. நாக்கில் வைத்தால் ருசியே இல்லை. நசுங்கியதில் கரும்பச்சைத் தூள். கசப்பு. பழைய இலை அழுகிய வாடை. டாக்டருக்கே தெரியாது என்று சொன்ன ரகசியம் என் விரல் நுனிக்குத் தெரிந்துவிட்டது.

அந்தத் தூளின் வாடை எனக்குக் குமட்டியது. இத்தனை நாள் காலையில் நெஞ்சு எரிந்ததற்கு இதுதான் காரணம் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். அத்தோடு இன்னொரு பயமும் வந்தது. இது தாய்ப்பாலில் இறங்கி என் பையனுக்குப் போனால்? அன்று முதல் கெட்டியானவற்றை எனக்கு எடுத்துக்கொண்டு, நசுங்கியவற்றை அக்காவுக்குப் போட்டேன். அவள் மகளுக்குப் போனால் பரவாயில்லையா என்று நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. இதை அழகாகச் சொல்ல வழியில்லை, அதனால் இருக்கிறபடி சொல்கிறேன்.

மழை நின்ற பிறகும் டப்பாவைத் தண்ணீர்த் தொட்டி பக்கத்திலேயே வைத்தேன், ஈரம் காயக் கூடாது என்று. திட்டம் போட்டுச் செய்தேன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இரண்டே மாதத்தில் அக்காவுக்குச் சுகர் இறங்கியது. எடையும் ஆறு கிலோ குறைந்தது. டாக்டர் அவளைப் பாராட்டினார். எனக்கு இறங்கவில்லை. பொறாமையில் வயிறு எரிந்தது என்றால் எரிந்ததுதான். ஒரு நாள் காலை நசுங்கியதில் ஒன்றை எனக்கென்று எடுத்து, வாடை மூக்கில் ஏறியதும் மறுபடி அவள் பங்கிலேயே வைத்துவிட்டேன்.

குழந்தைகளுக்கு எட்டு மாதம் நடக்கும்போது அக்கா சோர்ந்து போக ஆரம்பித்தாள். சாப்பாட்டைப் பார்த்தால் முகத்தைத் திருப்பினாள். "இளைக்கறதுன்னா சும்மாவா" என்று மாமியார் சந்தோஷப்பட்டார். பிறகு அரிப்பு. மதிய வேளையில் குழந்தைகள் தூங்கும்போது மங்கல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நிழல் உட்கார்ந்து உள்ளங்கையைச் சீப்பால் சொறிந்துகொண்டே இருக்கும். வரட் வரட்டென்று அந்தச் சத்தம். நான் இந்தப் பக்கம் பையனைத் தட்டிக்கொண்டு படுத்திருப்பேன். எழுந்து வேறு இடம் போகலாம் என்றால் வீட்டில் வேறு இடம் கிடையாது.

ஒரு நாள் காலை மாத்திரை போட வாயைத் திறக்கச் சொன்னபோது அவள் கண் மஞ்சளாக இருந்தது. என் கையில் நசுங்கிய இரண்டு மாத்திரைகள். அவற்றைக் கீழே போட்டுவிட்டேன். "என்னடி?" என்றாள். "கை நழுவிடுச்சு" என்றேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். கல்லீரல் வீங்கிக் கிடப்பதாகச் சொன்னார்கள். மாத்திரைதான் காரணமா என்று பார்க்க, யாருக்கு எந்த மாத்திரை என்று எழுதி ஒட்டிவைத்திருந்த உறைகளில் அவள் எண்ணுக்குரியதை மேலிடத்தில் அனுமதி வாங்கி டாக்டர் பிரித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு நிம்மதியாகச் சிரித்தார். "மாத்திரை காரணம் இல்லம்மா. அத நிறுத்த வேண்டியதில்ல. வேற எதுனாலன்னு கண்டுபிடிப்போம்."

நாத்தனார் என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள். "சின்ன அண்ணி, அவங்க பாட்டில் மாவு. அதான் அப்படிச் சொல்றாரு. ஆனா நாமதான் கலந்துட்டோமே..."

"பாதிப் பாதிதானே" என்றேன். எப்படி அந்த வார்த்தை வந்ததோ.

"ஆமா, பாதிதான். அதோட நீங்களும் அதையேதான் சாப்பிட்டீங்க. உங்க கல்லீரல் நல்லா இருக்கே. அப்ப மாத்திரையா இருக்காது, இல்ல?" என்று அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்று நான் சொல்வேன் என அவள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். நான் ஆமாம் என்றேன்.

அன்றே வீட்டில் நசுங்கிய மாத்திரைகள் எல்லாவற்றையும் பொறுக்கித் தண்ணீரில் கரைத்துச் சாக்கடையில் ஊற்றிவிட்டேன். அக்காவுக்குக் கெட்டியானவற்றையே போட்டேன். இனி தானாகச் சரியாகிவிடும், யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் டாக்டர் அதற்குள் வேறு முடிவுக்கு வந்துவிட்டார். அவள் உடம்பே அவள் கல்லீரலைத் தாக்குகிறது என்று சந்தேகம். விலாவில் ஊசி செலுத்திக் கல்லீரலில் துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். அன்றைக்கே ஸ்டீராய்டு தொடங்குவார்கள். அது மாதக்கணக்கில் போகும். அதைச் சாப்பிட்டால் இறங்கிய சுகர் மறுபடி ஏறும், எடையும் ஏறும், இன்சுலின் போடவேண்டி வரலாம். தாய்ப்பாலை நிறுத்திவிடுவது நல்லது. இவ்வளவும் நாத்தனார் எழுதி வந்த தாளில் இருந்தது. அக்கா அதைப் படித்துவிட்டு மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தாள். மூன்று நாள் கழித்துத் தேதி.

அந்த மூன்று நாளும் நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்ல? சொன்னால் நாத்தனார் வேலை போகும். சொல்லாவிட்டால் அக்காவுக்கு இல்லாத நோய்க்கு மருந்து. பாதி சொன்னால், அதாவது டப்பாவில் கலந்ததை மட்டும் சொன்னால், என் நல்ல கல்லீரலைக் காட்டி மாத்திரையை விடுதலை செய்துவிடுவார்கள். முழுசாகச் சொன்னால்தான் பலன். முழுசாகச் சொன்னால் நான் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டிக்கொண்டேன். கணவரிடம் சொல்லலாம் என்று கீழே கடைக்குப் போனேன். அவர் அண்ணனோடு சேர்ந்து ஒரு பெரிய கண்ணாடியை இரு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். "நகரு, நகரு" என்றார்கள் இருவரும். நகர்ந்து மேலே வந்துவிட்டேன்.

தேதியன்று துணைக்கு நான்தான் போனேன். பால் குடிக்கிற பிள்ளை என்பதால் அக்காவின் மகளும் என் இடுப்பில். என் பையன் மாமியாரிடம். அக்காவைக் கட்டிலில் படுக்கவைத்து, சட்டை போன்ற பச்சைத் துணியை மாட்டி, விலாவில் பேனாவால் புள்ளி வைத்தார்கள். டாக்டர் வந்தார். நாத்தனார் தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள்.

"டாக்டர்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். "நாங்க ரெண்டு பேரு மாத்திரையையும் வீட்ல ஒரே டப்பால கலந்துதான் சாப்பிட்டோம்."

அவர் கையுறை போடுவதை நிறுத்தினார். அவர் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்" என்றாள் அவள். உதட்டில் ரத்தமே இல்லை.

"அவளுக்குத் தெரியாது. அவ வர்றதுக்கு முன்னாடி கலந்துடுவோம்" என்றேன் நானும்.

அவர் சத்தம் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ரெண்டு வருஷ உழைப்பும்மா" என்று மட்டும் சொன்னார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, நான் பயந்த அதே வார்த்தையைச் சொன்னார். "சரி, கலந்திருந்தா ரெண்டு பேரும் ஒரே அளவுதான் சாப்பிட்டிருக்கீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகல. அப்ப இவங்களுக்கு வந்தது மாத்திரையால இல்ல. ஊசி போட்டுடலாம். இத மேல சொல்லிட்டு வரேன், பத்து நிமிஷம்." நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அறையில் அக்கா, நான், குழந்தை. கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"ஏன்டி இப்பப் போய் அத சொன்னே?" என்றாள் அக்கா, படுத்தபடியே. "பாவம், அவ முகம் செத்துப்போச்சு."

"அக்கா, பாதிப் பாதி இல்லக்கா."

"என்ன?"

சொன்னேன். மழையில் மாத்திரை நசுங்கியது, பிரித்துப் பார்த்தது, வாடை, என் பையன், ஐந்து மாதம் தினமும் பொறுக்கி அவள் வாயில் போட்டது, டப்பாவை ஈரத்தில் வைத்தது. ஒன்றையும் விடவில்லை. அழுகை வந்தது, ஆனால் அழுதால் அவள் எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவாள் என்று பயந்து அடக்கிக்கொண்டேன்.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் கண். ஒரு கையால் மற்றக் கையைச் சொறிந்தாள், நிறுத்தினாள்.

"இவளுக்கும் போயிருக்குமா?" என்றாள், குழந்தையைப் பார்த்து.

"தெரியலக்கா."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். பச்சைத் துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். அடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

டாக்டர் கதவைத் திறந்தார், நாத்தனார் பின்னால். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா பேசினாள்.

"டாக்டர், இவ முழுசா சொல்லல. எம்மேல உள்ள மரியாதைல மறைக்கறா. டப்பால நசுங்கினது ஒரு வகை, கெட்டியா இருக்கறது ஒரு வகை. பச்சைத் தூள் இருக்கறதுதான் சத்துன்னு தெரிஞ்சுபோச்சு. சீக்கிரம் இளைச்சிடலாம்னு ஆசை. அது எல்லாத்தையும் பொறுக்கி நானே முழுங்கிட்டேன். அஞ்சு மாசமா."

நான் குழந்தையைப் பிடித்தபடி நின்றேன். இல்லை டாக்டர், நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை.

டாக்டர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எந்த மாதம், டப்பா எங்கே, எப்படித் தெரிந்தது, ஒன்றும் இல்லை. அவள் சொல்லி முடித்த அந்த நிமிடமே நம்பிவிட்டார். ஒரு வருடத்துக்கு மேலாக, ராத்திரி பட்டினி கிடக்கிறேன், எண்ணெயே தொடுவதில்லை என்று நாங்கள் உண்மையைச் சொன்னபோதெல்லாம் மெல்லச் சிரித்துக்கொண்டே தலையாட்டிய மனிதர் அவர்.

"எதையுமே அளவோட சாப்பிடத் தெரியாதாம்மா உங்களுக்கு?" என்றார். "மாத்திரையக்கூடவா?"

"தப்புதான் டாக்டர்" என்றாள் அக்கா, தலையைக் குனிந்து.

ஊசி வேண்டாம் என்றார். மாத்திரையை அடியோடு நிறுத்தி, இரண்டு வாரம் கழித்து ரத்தம் பார்க்கலாம், இறங்கினால் ஸ்டீராய்டும் வேண்டாம். குழந்தைக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை. ஏட்டில் ஏதோ நீளமாக எழுதினார். நாத்தனார் தட்டை மேசையில் வைத்தாள். அவள் வேலை பிழைத்துவிட்டது.

வெளியே நடையில் நான் அக்காவின் பின்னாலேயே ஓடினேன். "ஏன்க்கா அப்படிச் சொன்னே? நானே சொல்லியிருப்பேனே."

அவள் நின்றாள். சிரிக்கவில்லை. "நீ செஞ்சத சொன்னா அவரு நம்ப அரை நாளாகும். டப்பாவக் கேப்பாரு, உன்னக் கேப்பாரு, அவளக் கேப்பாரு. நான் திங்கறத அடக்க முடியாம தின்னேன்னு சொன்னா உடனே நம்புவாரு. எனக்குப் பால் குடுக்கற புள்ள இருக்கு. எனக்கு நேரமில்ல."

"எனக்காக நீ சொன்னேன்னு நினைச்சேன்..."

"உனக்காக இல்ல" என்றாள். இரண்டு கையையும் நீட்டிக் குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் அவள் ரத்தம் தெளிந்தது. குழந்தைக்கும் ஒன்றுமில்லை. இப்போதும் அதே வீடு, அதே அடுப்படி. என்னோடு பேசுகிறாள், உப்பு போதுமா என்று கேட்கிறாள். யாரிடமும் எதையும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள். ஆனால் குளிக்கப் போகும்போதும், கை நிறைய வேலை இருக்கும்போதும், நான் பக்கத்திலேயே சும்மா நிற்கும்போதும், குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடிப் படி இறங்கிக் கீழே கடைக்குப் போய் அவள் புருஷனிடம் கொடுத்துவிட்டு மூச்சு வாங்க ஏறி வருகிறாள்.